ஃபியோர்டும் பாதையும் – கடிதம்

அன்புள்ள சார்,

நார்வே பயணக் குறிப்பை வாசித்தேன். ஸ்டவாங்கரிலிருந்து பெர்கனுக்கு 200 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம் ஆனது, இரண்டு இடத்தில் காரைப் படகில் ஏற்றினோம் என்று ரசித்து எழுதியிருந்தீர்கள். எண்ணெய்ப் பணம் கொட்டிக் கிடக்கும் நாட்டில் ஒரு பாலம் கட்ட முடியாதா? ஒரு நாள் போகிறவருக்குப் படகு அழகுதான். தினமும் வரிசையில் நிற்பவருக்கு? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி, படகு போகும்போது காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தினமும் வரிசையில் நிற்பவர் பற்றிக் கேட்டது சுருக்கென்று பட்டது. அந்தக் குறிப்பில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. மோர்டாவிகா படகுத் துறைக்குக் கொஞ்சம் முன்னால் காபி குடிக்க வண்டியை நிறுத்தச் சொன்னவன் நான். துறைக்கு வந்து சேர்ந்தபோது கண்ணெதிரே படகு விலகிப் போய்க்கொண்டிருந்தது. வண்டி ஓட்டிய நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக பெர்கனில் இருப்பவர். "பாதை வெளிக்கிட்டுட்டுது அண்ணை, இனி அடுத்ததுக்குத்தான்" என்றார்.

பாதை எப்படிக் கிளம்பும்? எனக்கு விளங்கவில்லை. அவர்தான் சொன்னார்: ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே வாகனம் ஏற்றிப் போகும் மிதவைக்கு அவர்கள் ஊரில் பெயரே பாதைதான். நோர்வேக்கு வந்த பிறகும் அந்தச் சொல்லை மாற்ற அவருக்குத் தேவை வரவில்லை. ஏனென்றால் அங்கேயும் கணக்கு அப்படித்தான். கிறிஸ்டியன்சாண்டிலிருந்து ட்ரோண்ட்ஹெய்ம் வரை சுமார் 1,100 கிலோமீட்டர் போகும் இ39 சாலை ஏழு இடத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. வரைபடத்தில் எண் மாறாமல் கடல்மேல் புள்ளிக் கோடாகப் போய் மறுகரையில் ஏறுகிறது. அந்த ஏழு ஃபெரிகளையும் டெண்டர் விட்டு ஓட்டுவது நெடுஞ்சாலைத் துறை. சாலை போட முடியாத இடத்துக்கு வைத்த மாற்று ஏற்பாடு என்று யாரும் நினைப்பதில்லை.

சரி, ஏன் பாலம் கட்டவில்லை? கட்டியிருக்கிறார்கள், நிறையவே. அதே பயணத்தில் நாங்கள் கடலுக்கடியில் மூன்று சுரங்கங்களைக் கடந்தோம். அதில் பொம்லாஃபியோர்டு சுரங்கம் கடல் மட்டத்துக்குக் கீழே 260 மீட்டர் வரை இறங்குகிறது. காது அடைத்துத் திறந்தது. இவை கடல் தரையில் பதித்த குழாய்கள் இல்லை. தரைக்கும் கீழே, பாறைக்குள் வெடி வைத்துக் குடைந்தவை. பெர்கனுக்கு வடக்கே 1994-இல் திறந்த நூர்ஹூர்லான் பாலம் இன்னொரு வேடிக்கை. பத்து கான்கிரீட் மிதவைகள்மேல் வில்லாக வளைந்து நிற்கிறது. இரண்டு கரையிலும் மட்டும்தான் பிடிப்பு, நடுவில் நங்கூரம் கிடையாது. அந்த வளைவுதான் பக்கத்திலிருந்து தள்ளும் அலையைத் தாங்குகிறது.

பணம் தோற்கும் இடம் சோக்னே ஃபியோர்டு. பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கும் இடம் அது. லாவிக் என்ற சிற்றூரருகே அகலம் நாலு கிலோமீட்டர்கூட வராது, அக்கரை வீடுகள் தெரியும். ஆழம் 1,200 மீட்டருக்கு மேல். தூண் நட முடியாது. தூணில்லாமல் ஒரே தாவாகப் பாலம் போடலாம் என்றால், இன்று உலகிலேயே நீளமான தாவு துருக்கியில் இருக்கிறது, அதுவே 2,023 மீட்டர்தான். அடியில் சுரங்கம் தோண்டலாமே என்றால், 100 மீட்டருக்கு 5 மீட்டர் சரிவு என்று வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். 1,300 மீட்டர் இறங்க 26 கிலோமீட்டர், ஏற இன்னொரு 26. நாலு கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்ட இத்தனையா? மிதவைகளில் கட்டித் தொங்கும் குழாயை நீருக்குள் விட்டு, அதற்குள் வண்டி ஓட்டலாம் என்றும் வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். காகிதத்தில் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் 2015-இல் ஆம்பேர் ஓட ஆரம்பித்தது. பேட்டரியில் மட்டும் ஓடும் முதல் கார் ஃபெரி, 120 கார் கொள்ளும், இருபது நிமிடத்தில் அக்கரை. படகு கரையில் நிற்கும் பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏற்றுமளவு மின்சாரம் அந்தக் கிராமங்களின் லைனில் இல்லை. அதனால் இரண்டு கரையிலும் தனியாகப் பெரிய பேட்டரி வைத்தார்கள். படகு அக்கரை போய் வருவதற்குள் அது லைனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும், படகு வந்து சேர்ந்ததும் மொத்தமாகக் கொட்டும். நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்கிற அதே வேலை. எனக்கு அந்த மிதக்கும் குழாயைவிட இந்தத் தொட்டி மூளை பிடித்திருக்கிறது.

என் நண்பருக்குப் பிடிக்கவில்லை. வேலை காரணமாக வாராவாரம் ஸ்டவாங்கர் போய் வருகிறவர், குளிர்காலத்தில் புயலுக்குப் படகு நின்று துறையிலேயே காருக்குள் தூங்கியிருக்கிறார். "நீங்கள் படம் எடுங்கோ, எனக்கு ரோக்ஃபாஸ்ட் வரட்டும்" என்கிறார். நாங்கள் தவறவிட்ட அந்தப் படகுக்குப் பதிலாக வரப்போகும் சுரங்கம் அது. 27 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்துக்குக் கீழே 390 மீட்டர். 2018-இல் தொடங்கி, செலவு எகிறியதால் 2019-இல் நிறுத்தி, மறுபடி வேலை நடக்கிறது. 2033-இல் திறப்பதாகத் திட்டம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இ39-இல் இருக்கும் ஏழு ஃபெரிகளையும் ஒழித்தே தீர வேண்டும், 21 மணி நேரப் பயணத்தைப் பாதியாக்க வேண்டும் என்ற பழைய கனவில்தான் எனக்குச் சம்மதமில்லை. ஸ்டவாங்கர்–பெர்கன் நடுவே அன்றாடம் போகிறவர்கள் அதிகம். கிறிஸ்டியன்சாண்டில் ஏறி ட்ரோண்ட்ஹெய்மில் இறங்குகிறவர் எத்தனை பேர்?

காருக்குள் உட்கார வேண்டியதில்லை. வரிசையில் வண்டியை விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, மேலே போய்விடலாம். காசு வாங்க ஆள் வரமாட்டார், நம்பர் பிளேட்டைக் கேமரா படித்துக்கொள்ளும். மோல்டே பக்கம் போனால் படகில் ஸ்வெலே வாங்குங்கள். நம் செட் தோசை பருமனில், இனிப்பாக, அரைவட்டமாக மடித்து, உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் தடவியோ பழுப்புச் சீஸ் சீவி வைத்தோ தருவார்கள். வாங்கியதும் சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் ரப்பர்.