பனியில் ஏறலாம், இறங்குவதுதான் சிக்கல்

வணக்கம் சார்,

ஐரோப்பிய சைக்கிள் பந்தயங்களை ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இப்போதெல்லாம் கொஞ்சம் மழை, கொஞ்சம் பனி என்றால் பந்தயத்தைச் சுருக்குகிறார்கள், இல்லாவிட்டால் ரத்தே செய்துவிடுகிறார்கள். 1980இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ கொட்டும் பனியில் ஓட்டி ஜெயிக்கவில்லையா? இங்கே வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் டெலிவரி தம்பிகள் வண்டி ஓட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் யூரோ வாங்குகிறவர்களுக்கு மட்டும் மழை விடுமுறையா?

இன்னொன்று. நாங்கள் பத்துப் பேர் ஞாயிறு காலை ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுவோம். நவம்பர் வந்துவிட்டால் போவதா வேண்டாமா என்று விடியற்காலை நாலு மணிக்கு வாட்ஸ்அப்பில் சண்டை. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

க., அம்பத்தூர்

அன்புள்ள க.,

ஈனோவிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரத்து கூடாது என்பவர்கள் எல்லோரும் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயம் அது. 174 பேர் புறப்பட்டு 21 பேர் முடித்தார்கள். ஈனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். குளிரில் அடிபட்ட விரல்கள் அதற்குப் பிறகு பழையபடி ஆகவே இல்லை. மீதி 153 பேரும் அதே தொழிலில் இருந்தவர்கள்தான், அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களால் இறங்கிப் போக முடிந்தது, ஏனென்றால் அது ஒரு நாள் பந்தயம். அன்றைய தினம் போச்சு, அவ்வளவுதான்.

இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியாவோ பிரான்ஸின் டூர் டி பிரான்ஸோ அப்படியில்லை. மூன்று வாரம், நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்கள். ஒரு நாள் சைக்கிளை விட்டு இறங்கினால் மொத்தப் பந்தயமும் முடிந்தது. மெதுவாகப் போனால் அன்றைய கால வரம்பைத் தாண்டி வெளியே போகவேண்டியதுதான். பக்கத்தில் ஓட்டுகிறவன் நிற்காதவரை நீயும் நிற்க முடியாது. நிற்பதா வேண்டாமா என்பதை ஓட்டுகிறவரிடம் விட்டால், அவர் ஒருநாளும் நிற்கமாட்டார்.

உங்கள் வேளச்சேரித் தம்பியும் இதே இடத்தில்தான் இருக்கிறார். மழை நேரத்துக் கூடுதல் பணம் செயலியில் மின்னுகிறது. போகவில்லையென்றால் அன்றைய கணக்கு இடிக்கும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது. அவரையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் போகிறார் என்பதற்காக இவர்களும் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, எதற்காக நிறுத்துவது? இங்கேதான் நாம் எல்லாவற்றையும் 'மோசமான வானிலை' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். 2013 ஜிரோவைப் பாருங்கள். மே 24ஆம் தேதி காவியா, ஸ்டெல்வியோ என்ற இரண்டு பெரிய கணவாய்களைத் தாண்டவேண்டிய கட்டத்தைப் பனியால் முழுசாக ரத்து செய்தார்கள். மறுநாளும் பனி. வழியில் இருந்த உயரமான கணவாய்களை எடுத்துவிட்டு, முடிவிடமான ட்ரே சீமே ஏற்றத்தை வைத்துக்கொண்டார்கள். கொட்டும் பனியில், ஜிரோவில் முன்னிலையில் இருப்பவர் போடும் இளஞ்சிவப்புச் சட்டையோடு தனியாக ஏறிவந்து வின்சென்சோ நிபாலி ஜெயித்தார். முந்தின நாள் கூடாது, மறுநாள் சரியா என்று கேட்கலாம். சரிதான். ஏறும்போது வேகம் குறைவு, உடம்பு உலைபோலக் கொதிக்கிறது, விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். ஆபத்து இறக்கத்தில்.

ஏற்றத்தில் வேர்த்து நனைந்த சட்டையோடு உச்சியைத் தாண்டுகிறீர்கள். அதற்கப்புறம் மிதிக்கத் தேவையில்லை, உடம்பு சூடு உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பூஜ்யம் டிகிரியில் மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் காற்று நேராக மார்பில் அடிக்கிறது. சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும். பிரேக்கை இழுத்தோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடுக்கத்தில் ஹேண்டில்பாரும் சேர்ந்து ஆடும்.

1988 ஜிரோவில் இதே காவியாவில் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு முதல் ஆளாக உச்சியைத் தொட்டார். இறக்கத்தில் ஓட்டமுடியாமல் ஒதுங்கி, கிட்டத்தட்ட முக்கால் மணி நேரத்தை அங்கேயே விட்டார். ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணிக்காரர்களோ அன்று காலையிலேயே பனிச்சறுக்குக் கடைக்குப் போய் தடிமனான கையுறைகளை வாங்கி வைத்திருந்தார்கள். அவர் இரண்டாவதாக வந்தார், அன்றே முன்னிலையையும் பிடித்தார், அந்த ஜிரோவையும் ஜெயித்தார். உங்கள் ஆதங்கத்தில் ஒரு நியாயம் இங்கே இருக்கிறது. முன்யோசனைக்கும் பலன் கிடைத்த நாள் அது, பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் கையுறை வாங்க நினைக்காத மேலாளருக்கான தண்டனையை மலைமேல் அனுபவிப்பது ஓட்டுகிறவர்.

வெறும் மழைக்கு நிறுத்தக்கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். நனைந்த வளைவை எடுப்பது ஒரு வித்தை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள், சாலையின் வெள்ளைக் கோட்டைத் தவிர்ப்பார்கள், பிரேக்கை முன்கூட்டியே தொடுவார்கள். ஈசிஆரில் முதல் மழையின் முதல் கால் மணி நேரம் தார் எப்படி வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும், எண்ணெயும் தூசியும் கழுவிப்போன பிறகு அவ்வளவு மோசமில்லை. திறமைக்கு இடமிருக்கிறவரை அது விளையாட்டுத்தான். 2019 டூரில் இசரான் மலைக்கு அப்பால் ஆலங்கட்டி மழை கொட்டி, மண் சரிந்து சாலையை மூடியபோது, கட்டத்தை நிறுத்தி உச்சியில் எடுத்த நேரத்தையே கணக்கில் வைத்தார்கள். எகான் பெர்னால் அப்படித்தான் டூரில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் போட்டார், அந்தக் கட்டத்துக்கு வெற்றியாளரே கிடையாது. அதுவரை அதைப் போட்டிருந்த அலாஃபிலிப்பின் ரசிகர்கள் இன்னமும் புலம்புகிறார்கள். புலம்பட்டும். சேற்றில் புதைந்த சாலையில் யாருடைய திறமை செல்லும்?

என் கோபம் வேறு இடத்தில். 2016இலிருந்து சர்வதேச சைக்கிள் சங்கத்துக்கு ஒரு நெறிமுறை இருக்கிறது. உறைமழை, சாலையில் சேரும் பனி, பலத்த காற்று, கடும் வெப்பம், பார்வை மறைக்கும் மூட்டம் என்றால் வீரர்கள், அணிகள், அமைப்பாளர், மருத்துவர் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கலாம். பேசுகிறார்கள், புறப்படும் நாள் காலையில்! 2020 ஜிரோவில் ஆஸ்தி என்ற ஊருக்குப் போகும் 250 கிலோமீட்டர் கட்டத்தைப் புறப்படும் வேளையில் வீரர்கள் மறுத்து, பாதியாகக் குறைக்க வைத்தார்கள். அன்று பெய்தது மழை, மலையும் இல்லை. அந்தச் சுருக்கம் எனக்கு ஒப்பவில்லை. 2024 ஜிரோவில் உம்பிரெயில் என்ற கணவாயில் பனி என்று ஒரு வாரமாகவே எல்லோருக்கும் தெரிந்ததுபோல இருந்தது, ஆனாலும் காலை முழுக்க இழுபறி, கடைசியில் வேறு ஊரிலிருந்து புறப்பாடு. நம்ம ஊர் ஃபார்முலா 4 கார் பந்தயம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தால் தள்ளிப்போனபோது தீவுத்திடலில் யாரும் மானம் போச்சு என்று அழவில்லை. அடுத்த ஆண்டு நடத்தினார்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சங்கம் இப்போது வெறும் டிகிரியைப் பார்ப்பதில்லை. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த ஒரு குறியீட்டைப் பார்க்கிறது. அது 28ஐத் தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை. மே மாதச் சென்னையில் காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் அதைத் தாண்டிவிடுவோம்.

உங்கள் வாட்ஸ்அப் சண்டைக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழை கரையோரத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் பெய்யும், சரியாக நீங்கள் புறப்படும் நேரம். அதனால் நாலு மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். சனி இரவு ஒன்பது மணிக்குள் வானிலை மைய எச்சரிக்கையைப் பார்த்து ஒரே ஒருவர் சொல்லட்டும், அதோடு பேச்சு முடிந்தது. முறை வைத்து ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஓட்ட வராதவராக இருந்தால் இன்னும் நல்லது, அவருக்கு ஆசையும் இருக்காது, ரோஷமும் இருக்காது. தூறல் என்றால் போங்கள், பின்விளக்கு எரியட்டும், தேங்கின தண்ணீருக்குள் மட்டும் சக்கரத்தை விடாதீர்கள். இடி மின்னல் என்றால் யார் சொன்னாலும் முட்டுக்காடு பாலத்தில் ஏறவேண்டாம். இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு கூரை கிடையாது.

அன்புடன்.