"நிதானமாத்தான் இருக்கேன்"

கேள்வி: என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நண்பர்களோடு குடிப்பார். இரவு பத்தரை மணிக்கு எட்டு கிலோமீட்டர் பைக் ஓட்டிக்கொண்டு வருவார். கேட்டால், "நிதானமாத்தான் இருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை விழுந்திருக்கேனா?" என்கிறார். மறுநாள் காலையிலேயே மகனை ஏற்றிக்கொண்டு கறிக்கடைக்குப் போகிறார். மற்றபடி பொறுப்பான மனிதர். ஏன் இப்படி?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. நிதானமாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றுகிறது. எனக்குப் பயமே அதுதான்.

எட்வர்ட் மெலன்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1919-ல் ஒன்றைக் கண்டறிந்தார். ரத்தத்தில் மது ஏறும்போது தெரியும் தள்ளாட்டம், இறங்கும் வழியில் அதே அளவு மது இருக்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. மூளை அதற்குள் பழகிவிடுகிறது. "இறங்கிடுச்சு, கிளம்பலாம்" என்று எழுவது இந்தக் கட்டத்தில்தான். மயக்க உணர்வுதான் குறைந்திருக்கிறது. குறுக்கே நாய் வந்தால் பிரேக் பிடிக்க வேண்டிய நிதானம் இன்னும் திரும்பியிருக்காது.

போதையில் மனம் கண்ணெதிரே இருப்பதை மட்டுமே பார்க்கும். வீட்டுக்குப் போக வேண்டும், சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். போலீஸ், லாரி, நீங்கள், பிள்ளை எல்லாம் தூரத்தில் மங்கிவிடும். அப்புறம், விழாமல் வந்து சேர்ந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு ஒரு சான்றிதழ். வண்டியை விட்டுவிட்டு வந்தால் "ஓவராயிடுச்சா மாப்ளே?" என்று கேட்பார்களே என்ற கூச்சமும் இருக்கும். ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஞாயிறு காலை விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு குவார்ட்டர் அடித்தால், அது ரத்தத்திலிருந்து முழுதாக நீங்க ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். அதற்கு மேல் குடித்திருந்தால், ஆறு மணிக்கு மகன் பின்னால் உட்காரும்போதும் உள்ளே மது இருக்கும். காபியோ மோரோ குளியலோ அதை வேகப்படுத்தாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இரவில் வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். அப்போது எதுவும் ஏறாது. குடித்த பிறகு எடுக்கிற முடிவை நம்பவே முடியாது என்பதால், முடிவைச் சனிக்கிழமை காலையிலேயே எடுக்க வைக்க வேண்டும். அவர் காபி குடிக்கும்போது, "இன்னைக்கு பஸ்ல போங்க. ராத்திரி ஆட்டோவுக்கு இந்தாங்க காசு" என்று சொல்லிப் பாருங்கள். குடிக்காத மச்சினரோ நண்பரோ இருந்தால், அழைத்து வரும் பொறுப்பை முன்கூட்டியே அவரிடம் ஒப்படையுங்கள். ஞாயிறு கறிக்கடைக்கு மகனோடு நடந்தே போகட்டும்.

தினமும் குடிக்கிறார், காலையில் கை நடுங்குகிறது என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அந்த நிலையில் மருத்துவர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

வரும் சனிக்கிழமை என்ன நடந்தது என்று எழுதுங்கள் சகோதரி. காத்திருக்கிறேன்.