கையில் காசே இல்லாத நிலையில் தினமும் மூன்று வேளை சாப்பிட முடியுமா?

உணவகத்தில் ஒரு வேளைக்கு ஆகும் காசில் மூன்று நாள் ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பதினொரு வாரம் ஓட்டியிருக்கிறேன். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் இருக்கின்றன, வர வேண்டிய பணம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். உடம்பு இளைப்பதற்காகவோ பந்தயத்துக்காகவோ கேட்டிருந்தால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

என்னுடையது முதல் வேலை. சேர்ந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் கேட்டபோது ஆவணங்கள் சரிபார்ப்பில் இருக்கின்றன என்றார்கள். கையிருப்பை மீதி நாள்களால் வகுத்துப் பார்த்தேன். வந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது.

அந்த எண்ணை அன்றன்றைக்குச் செலவழிக்க வேண்டிய காசு என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். தினமும் மாலையில் கடைக்குப் போய், கால் கிலோ அரிசி, ஒரு கைப்பிடி பருப்பு, சின்னப் பொட்டலம் எண்ணெய். பத்தாம் நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், அதே எண்ணெயைப் பாட்டிலாக வாங்கியவனைவிட நான் நிறையக் கொடுத்திருந்தேன். காசு இல்லாதவனுக்குத்தான் எல்லாம் சில்லறை விலை. மறுநாள் கையிருப்பில் பாதியை எடுத்துக்கொண்டு போய் அரிசி, பருப்பு, வேர்க்கடலை, எண்ணெய் நான்கையும் மொத்தமாக வாங்கி வந்தேன். பணப்பையைத் திறக்கவே பயமாக இருந்தது. ஆனால் மூன்று வாரத்துக்குச் சோறு வீட்டில் இருக்கிறது என்ற நினைப்பில் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். ஆகவே நாள் கணக்கை விடுங்கள். முடிந்தால் மாதக் கணக்கு, முடியாவிட்டால் வாரக் கணக்கு போடுங்கள்.

ஒரு நாளைக்கு என் அளவு இதுதான். அரிசி 300 கிராம், பருப்பு 100 கிராம், வேர்க்கடலை 50 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 1,950 கலோரி, 55 கிராமுக்குச் சற்று மேல் புரதம். எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்ற வழக்கமான கணக்கில் 60 கிலோ ஆளுக்கு 48 கிராம் போதும். எண்ணெயைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன, கொழுப்பு 9 தருகிறது. அதற்கு மேல் மிஞ்சும் சில்லறை முட்டைக்கோசுக்கு. அதில் வைட்டமின் சி இருக்கிறது. வேக வைத்தால் கணிசமாகப் போய்விடும் என்பதால் ஒரு பிடியைப் பச்சையாகவே நறுக்கி உப்புப் போட்டுத் தின்பேன். பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்கும் அது உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அதே இரும்புச்சத்தைத் தேநீர் தடுத்துவிடும். நான் ஊட்டச்சத்து நிபுணன் இல்லை. கர்ப்பிணிகளும் நோயாளிகளும் வளரும் பிள்ளைகளும் என்னைப் பின்பற்ற வேண்டாம். இதை எழுதாவிட்டால் யாராவது வந்து பாடம் எடுப்பார்கள், அதனால் எழுதிவிட்டேன்.

இந்தக் கணக்கை எனக்கு முன்பே பெரியவர்கள் போட்டிருக்கிறார்கள் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1945இல் 77 உணவுப் பொருள்களை வைத்துக்கொண்டு, ஒரு மனிதன் மிக மலிவாகச் சத்தோடு சாப்பிட என்ன ஆகும் என்று பார்த்தார். 1939ஆம் ஆண்டு அமெரிக்க விலையில் வருடத்துக்கு 39.93 டாலர் என்று விடை வந்தது. மிஞ்சிய பொருள்கள் ஐந்தே ஐந்து, அவற்றில் முட்டைக்கோசும் ஒன்று. கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் பிறகு தன் உடம்பை இளைக்க வைக்க இதே வகைக் கணக்கைக் கணினியிடம் கொடுத்தார். வயிறு நிறைந்தாற்போல் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது கணினி. சிரிக்காதீர்கள். ஐந்தாம் வாரத்தில் நானும் இரவில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்து வயிற்றை ஏமாற்றிப் பார்த்தவன்தான். இரண்டு மணிக்கு எழுந்து கழிவறைக்குப் போனதுதான் மிச்சம், பசி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

எரிபொருளும் சாப்பாட்டுச் செலவுதான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் அதை மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டேன். மலிவாகக் கிடைத்த ராஜ்மாவை ஊற வைத்து, வெந்நீர் ஊற்றி, பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி வைத்தேன். மாலையில் தோல் சுருங்கி, உள்ளே நறுக்கென்று இருந்தது. தின்றேன். மூன்று மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது, விடியும்வரை நிற்கவில்லை. வேகாத ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்தால்தான் அது அழியும். அரைச்சூட்டில் போட்டு வைத்தால் அழியாது. மருந்துக்குப் போனது நான்கு நாள் சாப்பாடு.

அந்த வாரம் அம்மா தொலைபேசியில், "என்ன சாப்பிட்டாய்?" என்றார். முட்டை, கீரை, தயிர் என்று ஒரு விருந்தையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இவ்வளவும் நீயேவா சமைத்தாய்?" என்று மட்டும் கேட்டார். போகும் வழியில் இலவசமாகச் சாப்பாடு போடும் இடம் ஒன்று இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். தினமும் எதிர்ப்பக்கமாக நடந்து போனேன். நீங்கள் அப்படி நடக்காதீர்கள், உள்ளே போய்ச் சாப்பிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எட்டாம் வாரத்தில் மேலாளர் வேறு ஊருக்குப் போகிறார் என்று அலுவலகத்தில் ஒரு தாள் சுற்றி வந்தது. பெயர், எதிரே தொகை, எதிரே கையெழுத்து. என் சம்பளத்தைச் சரிபார்ப்பில் வைத்திருந்த கணக்குப் பிரிவுக்காரர்தான் அதை நீட்டினார். "எல்லோரும் போட்டுவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி." இரண்டு நாள் சாப்பாட்டை எண்ணிக் கொடுத்தேன். அதில் கேக் வாங்கினார்கள். எனக்குக் கிடைத்த துண்டில் மூலையில் இருந்த ஒரு பூவின் பாதி இருந்தது. மேலாளர் சர்க்கரை ஆகாது என்று தன் தட்டைத் தொடவே இல்லை. ஆண்டுகள் பல ஆகிவிட்டன, அந்தத் தட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வெளியே தேநீர் குடிப்பதை நிறுத்தினால் சேமிக்கலாம் என்று இளைஞர்களுக்கு அறிவுரை எழுதுகிறவர்கள், முதலில் பட்டினி கிடப்பவனிடம் நன்கொடைத் தாள் நீட்டுவதை நிறுத்தட்டும்.

உங்களிடம் குக்கர் இருக்கிறதா என்று கேள்வியில் இல்லை. இருந்தால், ராஜ்மாவைத் தாராளமாக வாங்கி, ஊற வைத்து வேக வையுங்கள். இல்லையென்றால் துவரம்பருப்போ மசூர்பருப்போ போதும். மசூர் ஊறாமலே அரை மணிக்குள் வெந்துவிடும்.