பத்து ஆண்டு வேலைக்குப் பிறகு மேலாண்மையில் பிஎச்டி சேரலாமா? செய்தவர்களின் அனுபவம் எப்படி?

சேரலாம். நான் 11 ஆண்டு சரக்குக் கிடங்கு நிர்வாகத்தில் வேலை பார்த்துவிட்டு, 36 வயதில் முழுநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்தவள். முடிக்க 5 ஆண்டும் 4 மாதமும் ஆனது. உழைப்பைப் பொறுத்தவரை பெரிய சிரமம் தெரியவில்லை. வேலையில் இருந்தபோது அதைவிட அதிகமாகவே உழைத்திருக்கிறேன். என்னைப் படுத்தி எடுத்தது வேறு. கேட்ட உடனே பதில் சொல்லிப் பழகிய மூளையை, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு முன்னால் உட்கார வைப்பதற்கே இரண்டு வருடம் போய்விட்டது.

நிர்வாகக் கூட்டத்தில் யோசித்துக்கொண்டு நிற்பவருக்கு மதிப்பில்லை. பாதித் தகவல்தான் கையில் இருந்தாலும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். முதல் செமஸ்டர் செமினாரில் நானும் அப்படியே பேசினேன். ஒரு கட்டுரையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால், "நடைமுறையில் இப்படியெல்லாம் நடக்காது, எங்கள் கிடங்கில்..." என்று ஆரம்பிப்பேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்கள் கிடங்கில் அப்படி. மற்ற இடங்களிலும் அப்படித்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பார். என்னிடம் பதில் இருக்காது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு 24, 25 வயது. பொருளாதாரமோ புள்ளியியலோ படித்துவிட்டு நேராக வந்தவர்கள், என்னை அக்கா என்று கூப்பிடுவார்கள். ஒரு அட்டவணையைப் பார்த்ததும் ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவார்கள். நான் முன்னுரையையும் முடிவுரையையும் படித்துவிட்டு நல்ல கட்டுரை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த ஆறு மாதம் மிகவும் வலித்தது.

இந்தப் படிப்பு இப்படி இருப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வணிகத்தில் பிஎச்டி படிப்பை முதலில் தொடங்கியது சிகாகோ பல்கலைக்கழகம், 1920-ல். ஆனால் அதன் பிறகும் நெடுங்காலம் அமெரிக்க வணிகப் பள்ளிகளில் பல, தொழில் பழக்கும் இடங்களாகவே இருந்தன. 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி கார்ப்பரேஷனும் ஆளுக்கொரு அறிக்கை வெளியிட்டன. பாடத்தில் ஆழமில்லை, ஆய்வு போதாது என்று இரண்டுமே கடுமையாகச் சொன்னன. அதற்குப் பிறகுதான் பொருளாதாரம், உளவியல், சமூகவியல், புள்ளியியல் ஆட்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். இன்றைய விதிமுறைகள் பெரும்பாலும் அவர்கள் கொண்டுவந்தவை. மேலாளராக நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் அறிவு அங்கே நல்ல கேள்வி எழுப்ப உதவும், சான்றாக எடுபடாது.

எனக்கு இது புத்தியில் ஏறிய நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிடங்குகளில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் பொறுப்பேற்கும்போது தகவல் எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் என் தலைப்பு. இரண்டாம் ஆண்டில் 32 கேள்விகளோடு ஒரு சர்வே படிவம் தயார் செய்து மேற்பார்வையாளர்களிடம் கொடுத்தேன். 212 படிவம் திரும்பி வந்தது. 1932-ல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைகர்ட் கொண்டுவந்த அதே முறைதான்: சற்றும் ஏற்கவில்லை என்றால் 1, முழுமையாக ஏற்கிறேன் என்றால் 5. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எல்லோரும் போடும் கணக்கு கிரான்பாக் ஆல்பா. 0.7-ஐத் தாண்டினால் போதும் என்பது வழக்கம். எனக்கு 0.93 வந்தது. அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மறுநாள் கைடு மேடம் அந்த எண்ணைப் பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றேன். "படிவங்களைக் கொண்டு வாங்க" என்றார். படிவக் கட்டை வாங்கி மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஷிப்ட் ஒப்படைப்பு முறையாக நடக்கிறது" என்பது 6-வது கேள்வி. "ஒப்படைப்பில் முக்கியமான தகவல்கள் விட்டுப்போகின்றன" என்பது 19-வது. படித்துப் பார்த்துப் பதில் போடுகிறவர் இரண்டையும் ஒரே அளவு ஏற்க மாட்டார். அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்படி எதிர்மறைக் கேள்விகளை நடுவில் வைப்பது. மேடத்தின் விரல் 6-ல் இருந்து 19-க்கு இறங்கியது: 4, 4. அடுத்த படிவம்: 5, 5. அதற்கடுத்தது மறுபடி 4, 4. பெரும்பாலான படிவங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் டிக். எதிர்மறைக் கேள்விகளின் எண்களைத் திருப்பிப் போட்டு, அதாவது 5-ஐ 1 ஆகவும் 4-ஐ 2 ஆகவும் மாற்றிக் கணக்கிட வேண்டும், அதை நான் செய்ய மறந்திருந்தேன். ஆக, யாரும் படிக்காமல் டிக் அடித்ததால்தான் எல்லாக் கேள்வியும் அவ்வளவு அழகாக ஒத்துப்போயிருக்கிறது. "உங்க 0.93 இதைத்தான் சொல்லுது" என்றார். குரலில் கோபமே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. ஷிப்ட் ஒப்படைப்புப் பதிவேட்டில் தினமும் "எல்லாம் சரி" என்று எழுதியிருக்கும். 11 ஆண்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டவள் நான். அங்கேயும் யாரும் படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

படிவங்களை எடுத்து வைத்துவிட்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நின்று பார்க்க ஆரம்பித்தேன். நான் நிர்வாகத்தின் ஆள் இல்லை என்று அவர்கள் நம்பவே பல வாரம் ஆனது. மேற்பார்வையாளர்கள் இருவரும் பதிவேட்டில் "எல்லாம் சரி" எழுதிவிட்டு, ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ் போடும் இடத்துக்குப் போவார்கள். ஐந்து நிமிடம் நிற்பார்கள். எந்த வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, எந்த ரேக்கில் பெட்டிகள் சரிந்து நிற்கின்றன, யார் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறார் எல்லாம் அங்கேதான் கைமாறியது. என் 32 கேள்விகளில் ஒன்றுகூட அந்த இடத்தைத் தொடவில்லை.

இதைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. மேலாண்மை ஆய்வில் "அதனால் என்ன? ஏன் அப்படி நடக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மேலாண்மைப் பேராசிரியர்கள் ராபர்ட் சட்டனும் பேரி ஸ்டாவும் 1995-ல் எழுதிய ஒரு கட்டுரை ஆய்வு மாணவர்களிடையே பிரபலம். மேற்கோள்கள், தரவு, மாறிகளின் பட்டியல், வரைபடம், கருதுகோள் இந்த ஐந்தையும் அடுக்கிவிட்டால் அது கோட்பாடு ஆகிவிடாது என்கிறார்கள். ஏன் என்பதற்குப் பதில் வேண்டும். என் முதல் வரைவில் ஐந்தும் இருந்தன, ஏன் மட்டும் இல்லை. திரும்பப் போய் அவர்களிடமே கேட்டபோதுதான் விஷயம் வந்தது. எழுதி வைத்தால் நாளைக்கு அது விசாரணைக் காகிதம் ஆகிவிடும், வாயால் சொன்னால் உதவியாக மட்டும் இருக்கும். அந்த ஒரு பேச்சு என் தீசிஸின் மூன்றாம் அத்தியாயத்தையே மாற்றியது.

நடுவில் இன்னொரு சோதனை. எனக்கு அனுமதி கொடுத்த அதிகாரி வேலை மாறிப் போனார், அடுத்து வந்தவர் கதவைச் சாத்திவிட்டார். ஏழு மாதம் வேறு கிடங்கு தேடினேன். அதனால் நிறுவனங்களுக்குள் போய்ச் செய்யும் ஆய்வு என்றால், அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், ஓர் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். நிதி, கணக்கியல் பக்கம் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பங்குச் சந்தை விலை, ஆண்டறிக்கை என்று ஏற்கெனவே இருக்கும் தரவில் அவர்கள் வேலை ஓடும். ஆனால் கணிதமும், பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு அலசும் எக்கனாமெட்ரிக்ஸும் பிழிந்துவிடும்.

கைடு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தலைப்பைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. தலைப்பு எப்படியும் மாறும், கைடை மாற்றுவது சுலபமில்லை. பெயரையும் வெளியீடுகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அவரிடம் இப்போது படிப்பவர்களையும், முக்கியமாகப் பாதியில் விட்டவர்களையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை வாரத்தில் படித்துத் தருவார், கருத்து எழுதுவாரா, சேர்ந்து எழுதும் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த 0.93-ஐ என் மேடம் ஏற்றுக்கொண்டிருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும், பட்டமும் கிடைத்திருக்கும். படிவத்தைப் புரட்டிப் பார்க்கிற கைடு கிடைத்தது என் பாக்கியம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஜர்னல் பற்றிச் சுருக்கமாக: மேலாண்மையின் முன்னணி ஜர்னல்களுக்கு நூறு கட்டுரை போனால் பத்துகூடத் தேறாது. கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவருக்கே போகாமல் ஆசிரியர் மேசையிலிருந்தே திரும்பி வருவதும் உண்டு. எனக்கு முதல் மறுப்புக் கடிதம் வந்தபோது ஒரு வாரம் கணினியைத் திறக்கவில்லை. நான்காவது வந்தபோது அன்று மாலையே திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

மனநிலை விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பல துறைகளைச் சேர்ந்த 3,659 பிஎச்டி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மனநலக் கோளாறு வரும் அபாயத்தில் இருந்ததாக அது சொன்னது. என் மூன்றாம் ஆண்டில் நான் யாரோடும் பேசாமல் நாட்கள் போயிருக்கின்றன. பழைய சகாக்கள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்தார்கள், எனக்கோ வருமானம் பாதிக்கும் கீழே. காப்பாற்றியது, செவ்வாயும் வெள்ளியும் இன்னும் இரண்டு மாணவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதும் பழக்கம்தான். பேச வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்யும் சத்தம் போதும். அப்படியும் தாங்கவில்லை என்றால் ஆலோசகரிடம் போங்கள். நான் போனேன்.

வேலையை விடாமல் படிக்க நினைத்தால் டிபிஏ (டாக்டர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்) பற்றியும் விசாரியுங்கள். பொதுவாக அது அனுபவமுள்ள மேலாளர்களுக்கானது, தொழிலில் உள்ள ஒரு பிரச்சினையை ஆய்வு முறையில் அணுகுவது. பேராசிரியராகப் போக வேண்டும் என்றால் பிஎச்டிதான் நல்லது. பகுதிநேரமாகச் செய்த நண்பர்கள் நின்றுபோனது எல்லாம் டேட்டா சேகரித்து முடித்து எழுதத் தொடங்க வேண்டிய கட்டத்தில்தான். அலுவலகத்தில் நெருக்கடி வந்தால் முதலில் ஒத்திவைக்கப்படுவது தீசிஸ்தான். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட மட்டும் ஆசை என்றால், வேண்டாம். மூன்றாம் ஆண்டைத் தாண்ட அந்த ஆசை போதாது.

அப்புறம் அந்த 4 மாதம். தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால், எனக்குப் பேட்டி கொடுத்த மேற்பார்வையாளர்களுக்கு இரண்டு பக்கச் சுருக்கம் அனுப்பினேன். இது நல்ல பழக்கம், நீங்களும் செய்யுங்கள். ஒருவர் போனில் கூப்பிட்டார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா அந்த அஞ்சு நிமிஷம் எங்க ஷிப்ட் முடிஞ்ச பிறகு, அதுக்குச் சம்பளம் கிடையாது. அதை எழுதலையே?" என்றார். மூன்று வருடம் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கைக்கடிகாரத்தில் நேரமும் குறித்திருக்கிறேன், இது மட்டும் என் கண்ணில் படவில்லை. மேடத்திடம் போய் அவகாசம் கேட்டேன். பழைய குறிப்புகளை எடுத்து ஒவ்வொரு நாளும் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிந்தது, அவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று மறுபடி பார்த்து எழுத அந்த 4 மாதம் ஆனது.