வேதியியல் வாத்தியார் பதில்கள்

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டோம். குமிழி மந்தமாகத்தான் வந்தது. ஆசிரியை இரண்டு சொட்டு மயில்துத்தக் கரைசல் (செம்பு உப்பான காப்பர் சல்பேட்) விட்டதும் பொங்கியது. செம்பு அமிலத்தோடு சேராது என்று எங்கள் புத்தகம் சொல்கிறதே?
- பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்

பதில்: நல்ல கண் அம்மா உனக்கு. புத்தகமும் பொய் சொல்லவில்லை.

துத்தநாகம் ஹைட்ரஜனைவிட வினைத்திறன் கூடியது. அதன் ஒவ்வோர் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைசலில் இறங்குகிறது. அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகள் வாயுவாக வெளியேறுகின்றன. ஆனால் தூய துத்தநாகத்தின் பரப்பில் இந்தக் கைமாற்றம் மிக மெதுவாக நடக்கும். அதனால்தான் காசு கொட்டி வாங்கிய சுத்தமான துத்தநாகம் தூங்கி வழிய, கலப்படச் சரக்கு விறுவிறுவென்று பொங்குகிறது!

மயில்துத்தம் விழுந்ததும் வேறோர் இடப்பெயர்ச்சி நடக்கிறது. கரைசலில் இருக்கும் செம்பைத் துத்தநாகம் வெளியே தள்ளுகிறது. உற்றுப் பார்த்திருந்தால் துண்டின்மேல் கருஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்திருக்கும். அந்தத் திட்டுகளின்மேல் ஹைட்ரஜன் சுலபமாக உருவாகும். துத்தநாகம் விடும் எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே அங்கே ஓடிவிடுகின்றன. குமிழி கிளம்புவது செம்பில். கரைந்து தேய்வது துத்தநாகம். சந்தேகம் இருந்தால் ஆசிரியையைக் கேட்டு, துத்தநாகத் தகடு ஒன்றையும் செம்புத் தகடு ஒன்றையும் ஒரே அமிலத்தில் தள்ளித் தள்ளி நிறுத்திப் பார். செம்பு சும்மா நிற்கும். இரண்டின் மேல்முனைகளையும் சேர்த்துப் பிடி. செம்புத் தகட்டிலும் குமிழி அரும்பும்.

இரண்டு சொட்டோடு கையை நிறுத்திய ஆசிரியைக்கு என் வணக்கம். தாராளமாக ஊற்றியிருந்தால் செம்பு துண்டை முழுக்க மூடி, அமிலம் துத்தநாகத்தை எட்ட முடியாமல் வேகம் குறைந்திருக்கும்.

கேள்வி: புளி போட்டுத் துலக்கினால் செம்புக் குடம் தேய்ந்துவிடுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: தேயாது. புளியின் டார்டாரிக் அமிலம் கறுத்த ஆக்சைடை மட்டும் கரைக்கும். அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைக் கிளப்பும் திறன் செம்புக்கு இல்லை. ஆனால் புளிக்குழம்பைச் செம்பிலோ பித்தளையிலோ இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்பை ஆக்சைடாக்கும், புளி அதைக் கரைக்கும். காலையில் குழம்பில் களிம்பு ஏறியிருக்கும். பாட்டிமார் ஈயம் பூசச் சொன்னது இதற்காகத்தான். பூசுபவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் நஞ்சு.

கேள்வி: கழிப்பறை ஆசிட்டை நாகம் பூசிய இரும்பு வாளியில் ஊற்றிக் கலக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் ஐயா. அந்தப் பூச்சு துத்தநாகம். அது கரைந்து தீரும், பிறகு இரும்பும் கரையும், கிளம்புகிற ஹைட்ரஜனோ தீப்பற்றும். பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றி, ஆசிட்டைப் பிறகு சேருங்கள். பீடியை வெளியே அணைத்துவிட்டு உள்ளே போங்கள்.