வீட்டிலேயே சுருட்டுக்கான ஹியூமிடார் (சுருட்டு காயாமல் ஈரப்பதத்தோடு பாதுகாக்கும் பெட்டி) செய்து பராமரிப்பது எப்படி? மரப்பெட்டிதான் வேண்டுமா, பிளாஸ்டிக் டப்பா போதுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் டப்பா போதும். காற்றுப் புகாத நல்ல டப்பா, சுமாரான மரப்பெட்டியைவிட எவ்வளவோ மேல். தச்சு வேலையில் ஆசை இருந்தால் மரத்தில் செய்யுங்கள், அது தனி சுகம். ஆனால் சுருட்டுக்கு அது தேவை என்று நினைத்துச் செய்ய வேண்டாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 21 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 18 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும். உங்கள் பெட்டி 20 லிட்டர், உள்ளே ஈரப்பதம் 70% என்று வையுங்கள். அந்தக் காற்றில் இருக்கும் நீர் கால் கிராம்தான், அதாவது சில சொட்டு. ஒரே ஒரு சுருட்டின் இலைக்குள் அதைவிடப் பல மடங்கு நீர் இருக்கிறது. ஆக, நாம் பாதுகாப்பது காற்றின் ஈரத்தை அல்ல; இலையிலும் மரத்திலும் ஊறியிருக்கும் ஈரத்தை. மூடியைத் திறந்ததும் ஈரப்பதம் காட்டும் மீட்டர் சட்டென்று 58க்கு இறங்கினால் பலர் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூடிவைத்து ஒரு மணி நேரம் விட்டாலே இலையும் மரமும் அந்தக் கால் கிராமைத் திருப்பிக் கொடுத்துவிடும். உண்மையான எதிரி, மூடியிருக்கும்போதே இரவு பகலாக இடுக்கு வழியே நடக்கும் கசிவு. அதை அடைக்காமல் எந்த ஈரமூட்டியை வாங்கி வைத்தாலும் வீண்.

எந்த அளவு ஈரப்பதம் என்பதில் ஆளுக்கொரு கருத்து. 70 டிகிரி ஃபாரன்ஹீட், 70% ஈரப்பதம் என்பது பழைய விதி. 70 ஃபாரன்ஹீட் என்பது நம் 21 டிகிரிதான். என் கை 65 பக்கம் சாயும். 70ஐத் தாண்டினால் சுருட்டு சீராக எரியாமல் ஒரு பக்கமாகப் போகும், இழுக்கவும் கடினம். 75க்கு மேல் பூஞ்சைக்கு அழைப்பு. 60க்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் சுருட்டைச் சுற்றியிருக்கும் மேலிலை வெடிக்கும், வாசனை எண்ணெய் வற்றிப்போகும்; அப்புறம் ஈரம் ஏற்றினாலும் அந்த மணம் திரும்பாது.

பிளாஸ்டிக் டப்பா என்றால் வேலை சொற்பம். மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் கிளிப்பும் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, சில நாள் திறந்தே வைத்து, பிளாஸ்டிக் வாடை போயிற்றா என்று மூக்கால் சோதியுங்கள். ஓர் இரவு மூடிவைத்துக் காலையில் திறந்து முகர்ந்தால் தெரிந்துவிடும். வாடை இருந்தால் சமையல் சோடாவை ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே வையுங்கள். பிறகு சுருட்டுப் பெட்டிகளில் வரும் மெல்லிய சீடர் மரத் தகடுகளை அடியில் பரப்பி, ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் பொட்டலம் ஒன்றைப் போட்டால் முடிந்தது. பிளாஸ்டிக் ஈரத்தைக் குடிக்காது, அதனால் மரத்துக்குச் செய்வதுபோல முன்கூட்டியே ஈரமேற்றிப் பதப்படுத்தும் வேலையும் இல்லை. காற்று தேங்கி நிற்காமல் இருக்க, வாரம் ஒரு முறை திறந்து மூடினால் போதும்.

மரத்தில் செய்வதுதான் விஷயமுள்ள பகுதி. உட்புறத்துக்கு ஸ்பானிஷ் சீடர் என்று விற்கும் மரம் வேண்டும். இது வேம்பும் மஹோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். ஈரத்தை உறிஞ்சும், திருப்பியும் கொடுக்கும், ஆனால் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது, உளுக்காது, மணம் புகையிலையோடு ஒத்துப்போகும். பென்சில் வாசனை வீசும் சிவப்பு சீடரை மட்டும் தொடாதீர்கள். அது ஜூனிபர் இனம், அதன் நெடி சுருட்டுக்குள் ஏறிவிட்டால் போகாது. பைனும் வேண்டாம், பிசின் வாடை. ஸ்பானிஷ் சீடரிலும் சில பலகைகள் பிசினைக் கக்கும், ஆகவே சூளையில் உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். மணமே வேண்டாம் என்பவர்களுக்கு மஹோகனி நல்ல மாற்று.

வெளிப்பெட்டி ப்ளைவுட்டாகவோ வேறு கடின மரமாகவோ இருக்கலாம். ஆறு பக்கமும் மூடிய ஒரே பெட்டியாக ஒட்டி, பசை காய்ந்தபின் ரம்பத்தால் மூடியைத் தனியாக அறுத்தெடுப்பது பழைய தச்சு உத்தி. மூடியும் பெட்டியும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்த இதைவிட நல்ல வழி இல்லை. பிறகு 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சீடர் பலகையை உள்ளே வரிசையாகச் செருகுங்கள். இந்த உள்பலகை பெட்டியின் விளிம்பைவிடச் சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். மூடும்போது அந்த உதடு மூடிக்குள் நுழைந்து உட்காரும். காற்றை நிறுத்துவது அதுதான், பூட்டோ மூடியின் எடையோ அல்ல. பலகையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், இறுக்கத்திலேயே நிற்கட்டும். ஈரம் ஏறினால் மரம் ரேகைக்குக் குறுக்காக உப்பும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் இடம் விடாவிட்டால் வெளிப்பெட்டியின் மூலைகளையே பிளந்துவிடும். உள்ளே வார்னிஷ், பாலிஷ், மெழுகு எதுவும் கூடாது. வெளியே என்ன அடித்தாலும், வாடை முழுக்கப் போகும்வரை பெட்டிக்குச் சுருட்டைக் காட்டாதீர்கள்.

கசிவைப் பார்க்க, ஒளிரும் டார்ச் லைட்டை உள்ளே வைத்து மூடி, அறை விளக்கை அணைத்துவிட்டு விளிம்பெல்லாம் நோட்டம் விடுங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் உதட்டை இழைத்துச் சரிசெய்ய வேண்டும். இன்னொரு வழி, துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி பிடித்தால் சரி.

அடுத்தது பதப்படுத்துதல். இதில்தான் அவசரப்படுவார்கள். உலர்ந்த அறையில் கிடந்த பலகையில் அதன் எடையில் ஏறத்தாழ 8% தான் நீர். ஈரப்பதம் 70% உள்ள பெட்டிக்குள் அது 13% வரை ஏறப் பார்க்கும். ஒரு கிலோ சீடர் என்றால் 50 கிராம் நீர் குடிக்கும். அதை நீங்கள் முன்கூட்டியே கொடுக்காவிட்டால் சுருட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, பிளாஸ்டிக் தட்டின் மேல் உள்ளே வைத்து மூடி, ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுங்கள். ஈரப்பதத்தை 84% இல் நிறுத்தும் பொட்டலம் கிடைத்தால் அது இன்னும் சுத்தமான வேலை. ஈரத்துணியால் துடைப்பது சீக்கிரம் முடியும்தான், ஆனால் பலகையின் மேல்நார் எழும்பும், ஒரு பக்கம் மட்டும் நனைந்து வளையவும் செய்யும். எனக்கு அந்த முறை பிடிக்காது. குழாய் நீர் வேண்டவே வேண்டாம். உப்பு படியும், பூஞ்சைக்கும் வழி.

மீட்டரை நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டு நீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்து ஓடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப்லாக் பைக்குள் போட்டு ஓர் இரவு முழுக்க விட்டால், உள்ளே ஈரப்பதம் 75% இல் நிற்கும். இது உப்பின் இயல்பு, அறை வெப்பத்தில் அநேகமாக மாறாது. மீட்டர் 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டியின் முகப்பில் பதித்து வரும் முள் மீட்டர் அலங்காரத்துக்குத்தான். டிஜிட்டல் ஒன்றை உள்ளே போடுங்கள்.

ஈரமூட்டியில் பல ரகம். பச்சை ஃபோமில் ப்ரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி ஊற்றுவது பழைய முறை. 70 அருகே நிற்கும், பூஞ்சையையும் கொஞ்சம் தடுக்கும். என் ஓட்டு போவெடா என்ற நிறுவனத்துடையது மாதிரியான இருவழிப் பொட்டலங்களுக்கு. உள்ளே நிறைவுற்ற உப்புக் கரைசல் இருப்பதால், குறைந்தால் கொடுக்கும், கூடினால் வாங்கும். உங்கள் ஊரில் காற்றே 80% ஈரமாக இருந்தால் வெறும் நீர் ஃபோம் உதவாது, ஈரத்தை உறிஞ்சவும் செய்கிற பொருள்தான் வேண்டும். 25 சுருட்டுக் கொள்ளளவுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்று கணக்கு. 65% பொட்டலத்தையும் 72% பொட்டலத்தையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வீணாகும். பொட்டலம் மொறுமொறுவென்று இறுகிவிட்டால் மாற்ற வேண்டும்.

பராமரிப்பு பெரிய காரியமில்லை. பெட்டியை வெயில் படாத, மின்சாதனச் சூடு இல்லாத இடத்தில் வையுங்கள். கால்வாசி இடம் காலியாக இருந்தால் காற்று சுற்றும். மாதம் ஒருமுறை மேலே இருப்பதைக் கீழே மாற்றுங்கள். பழச்சுவை, வெனிலா போட்ட சுருட்டுகளுக்குத் தனி டப்பா, இல்லாவிட்டால் எல்லாமே வெனிலாதான். காய்ந்துபோன சுருட்டை மீட்க நினைத்தால் 62% இல் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். திடீரென்று ஈரம் ஏறினால் உள் இலை உப்பி மேலிலை கிழியும்.

வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சிலர் நல்ல முதிர்ச்சியின் அடையாளம் என்பார்கள். பெரும்பாலும் அது பூஞ்சைதான். மேலோடு மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு ஈரத்தைக் குறையுங்கள். பற்றவைக்கும் முனையின் உள்ளே பரவியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

புகையிலை வண்டு இதைவிட மோசம். இலைக்குள் முட்டை ஏற்கெனவே இருக்கலாம், வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டும்போது பொரிய ஆரம்பிக்கும். குண்டூசித் துளை போல ஓட்டையும் கீழே தூளும் தெரிந்தால் அதுதான். உடனே எல்லாச் சுருட்டையும் ஜிப்லாக் பைகளில் இரட்டையாகப் போட்டு ஒரு நாள் ஃப்ரிட்ஜ், மூன்று நாள் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர், மறுபடி ஒரு நாள் ஃப்ரிட்ஜ், பிறகு பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். நேராக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தால் மேலிலை விரிசல் விடும். இடைப்பட்ட நாட்களில் பெட்டியைக் காலி செய்து, தூசி உறிஞ்சியால் மூலைமுடுக்கெல்லாம் இழுத்துவிடுங்கள்.