கானாவூர்க் கற்சாடிகளுக்குப் பதிலாக மண்பானை வைக்கலாமா?

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு, இயேசு சாடித் தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றிய கானாவூர்க் கல்யாணத்தை நாடகமாகப் போடவிருக்கும் ஆசிரியை ஒருவர், மேடையில் ஆறு மண்பானைகள் வைத்தால் போதுமா என்றும், அந்தத் தண்ணீர் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறார்.

மண்பானை வேண்டாம். யோவான் நற்செய்தி (2:6) அவற்றைக் கற்சாடிகள் என்று சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. எலி, பல்லி போன்றவை செத்து விழுந்த மண்பாத்திரம் தீட்டாகிவிடும், அதை உடைத்துவிட வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் லேவியராகமக் கட்டளை (11:33). கல்லிலோ தீட்டு ஒட்டாது என்பது பிற்பாடு மிஷ்னா என்ற சட்டநூலில் தொகுக்கப்பட்ட யூத மரபு. அதனால்தான் ஏரோதின் காலந்தொட்டு எருசலேமிலும் கலிலேயாவிலும் சுண்ணாம்புக் கல்லில் பாத்திரம் செய்யும் தொழில் செழித்தது. நாசரேத்துக்குப் பக்கத்திலுள்ள ரெய்னாவில் அப்படியொரு பட்டறையே அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே கிடைப்பது போன்ற சிறு கோப்பைகளின் வெளிப்புறத்தில் செதுக்கிய பட்டைகள் இன்றும் தெரியும். பெரிய சாடிகள் ஒரே கல்லைச் சுழலவிட்டுக் கடைந்தவை. அகன்ற வாயும் அடியில் பாதமும் கொண்டவை. தெர்மாகோலில் செய்து வெளிறிய வெள்ளை பூசினால் பொருந்தும். ஆனால், தமிழ் வேதாகமம் "இரண்டு மூன்று குடம்" என்பதை நம் இடுப்புக் குடமாக எண்ணிச் சிறிதாகச் செய்துவிடாதீர்கள். ஒரு குடம் என்பதற்குக் கிரேக்க மூலத்திலுள்ள அளவு ஏறத்தாழ 39 லிட்டர். எனவே ஒரு சாடி 80 முதல் 120 லிட்டர் வரை கொள்ளும்.

தண்ணீர் முக்கியமாகக் கை கழுவுவதற்கு. தீட்டு நீங்க உடல் முழுதும் மூழ்கி எழுவதற்கு மிக்வே என்ற தொட்டி தனியாக இருந்தது. மழைநீரோ ஊற்றுநீரோ தானாக வந்து சேர்ந்தால்தான் அந்தத் தொட்டி செல்லுபடியாகும், மொண்டு ஊற்றிய நீர் செல்லுபடியாகாது. சாடியில் இருப்பது மொண்ட நீர், அதனால் அது மூழ்குவதற்கு ஆகாது. உண்பதற்கு முன் கையில் வார்க்க, மிஷ்னாவின் கணக்குப்படி, ஒன்றரை முட்டையளவு நீரே போதும்.

பிள்ளைகளிடம் 'தீட்டு' என்ற சொல்லை மிகக் கவனமாகப் பயன்படுத்துங்கள். நம் ஊரில் அது சாதியின் பெயரால் மனிதரைக் காயப்படுத்திய சொல். லேவியராகமத்தில் அது பிறப்பால் வருவதும் அன்று, பாவமும் அன்று: பிள்ளை பெற்ற தாய்க்கும் தகப்பனை அடக்கம் செய்த மகனுக்கும் அது நேரும், குறித்த நாளும் நீர், பலி போன்ற சடங்குகளும் அதை நீக்கிவிடும். திருமுழுக்கு அப்படித் திரும்பத் திரும்பச் செய்வதன்று என்றாலும், தொடக்கத் திருச்சபையின் திதகே நூல் (அதிகாரம் 7) ஓடும் நீரையே முதலில் கேட்கிறது, கிடைக்காதபோதுதான் வேறு நீரையும், அதுவும் போதாதபோது தலையில் மும்முறை ஊற்றுவதையும் அனுமதிக்கிறது. மிக்வேக்குத் தானாக வரும் நீரையே கேட்ட பழைய வழக்கத்தின் சுவடு அதில் தெளிவாக இருக்கிறது.

நாடகத்தில் விருந்து தொடங்குமுன், பணியாளாக நடிக்கும் பிள்ளை ஒரு கோப்பையால் சாடியிலிருந்து மொண்டு ஒவ்வொரு விருந்தினர் கையிலும் வார்க்கட்டும். அப்படிச் சாடிகள் குறைந்த பிறகு இயேசு "நிரப்புங்கள்" என்று சொன்னால், ஏன் சொல்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.